விதைநெல் மூட்டை

வயிற்றைக் குறைக்க நெடுந்தூரச் சைக்கிள் பயணம் கிளம்பியிருந்தேன். வெள்ளாங்குளத்து வயல்களுக்கு நடுவே, கூடாரமும் உடுப்புமாய்க் கட்டிய என் மூட்டையின் பாரம் தாங்காமல் கரியர் கிறீச்சிட்டது.

சின்ன வயதில், போருக்குப் பயந்து ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது அப்பாவின் சைக்கிளும் இப்படித்தான் கத்தியது. கரியரில் விதைநெல், முன்பாரில் நான். பசிக்கிறது என்று நெல்லைக் காட்டினால், "அதிலை கை வைக்கப்படாது. திரும்பிப் போய் விதைக்கவேணும்," என்பார்.

ஒருநாள் அவரே மூட்டையை அவிழ்த்து, "குத்திக் காய்ச்சும்," என்று அம்மாவிடம் நீட்டினார். அப்பா அன்று சாப்பிடவில்லை. நான் இரண்டு தரம் சாப்பிட்டேன். எனக்கு விளங்கியது கஞ்சி மட்டும்தான்.

வரம்பில் நின்ற முதியவர் என் மூட்டையையே பார்த்தார்.

"திரும்பவும் பிரச்சினையோ தம்பி?"

"இல்லை ஐயா. சும்மா ஊர் பாக்க வந்தனான்."

அவர் நம்பவில்லை. கதிர் முற்றாத வயலைத் திரும்பிப் பார்த்தார்.

"அறுக்க இன்னும் ரெண்டு கிழமை கிடக்கே," என்றார்.