மாமா நின்றுபோகும் இடம்

இரண்டாவது டிவிடி பிளேயரிலும் மாமா அதே இடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி வேறு, டிவி வேறு, ஒயர்கூட வேறு. ஆனால் அதே பாதி முகம், அதே பாதிச் சொல். பிளேயரில் கோளாறு என்றால் ஆளுக்கொரு இடத்தில் திக்கும். எல்லாம் ஒரே இடத்தில் திக்கினால் குறை டிஸ்கில். அப்படியானால் அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிடித்துக் கெஞ்சிப் பார்க்கலாமே என்று தோன்றிய கணத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தை வீட்டு டிவியை அணைக்கக்கூட மறந்து, லேப்டாப்பை எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருதான். மாமா இறந்து இரண்டு ஆடி போய்விட்டது. காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியவர், பஸ் ஸ்டாண்டில் சாய்ந்தார், அவ்வளவுதான். கடைசியாக என்ன பேசினார் என்று யாராவது கேட்டால், சட்னியில் உப்பு கம்மி என்றார் என்று அத்தை சொல்லுவாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பார்கள்.

மாமா ஒரு காலத்தில் சின்ன வீடியோ கேமராவோடு அலைந்தவர். எடுத்ததையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே டிவிடியாக எழுதி, மேலே மார்க்கரில் ஊர் பேரும் விசேஷமும் போட்டுவைப்பார். காதுகுத்து, பால்காய்ப்பு, கோயில் கொடை என்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஒன்றிலும் அவர் இல்லை. எடுக்கிற ஆள் படத்தில் எப்படி வருவார்? 'ஐந்தருவி' என்று எழுதிய டிஸ்கில் மட்டும், கேமராவை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறார். "மாப்ளே, ஒங்க அக்காகிட்டச் சொல்லு, நான்" என்கிறார். அங்கே நின்றுபோகிறது.

நின்றுபோகிறது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடையும். நான், நான், நான் என்று குரல் மட்டும் இடித்துக்கொண்டே இருக்கும். பிறகு திடீரென்று படம் தாவும். அவர் எங்கேயோ போயிருப்பார், ஆனால் அவருடைய துண்டின் ஒரு மூலையும் ஈரத் தோளும் அருவிக்கு முன்னால் காற்றில் அப்படியே தங்கியிருக்கும். பின்னால் வருகிறவர்கள் அந்தத் தோளுக்குள்ளேயே நடந்து போவார்கள். ஏன் அப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். படத்தில் மாறாத பகுதியை மறுபடி எழுதாமல் பழையதையே வைத்துக்கொள்ளும் முறை அது, இடையில் கொஞ்சம் தொலைந்தால் பழையது அழியாமல் நின்றுவிடும். எல்லாம் தெரிந்தும், பகல் வெளிச்சத்திலேயே எனக்கு முதுகு சில்லிட்டது.

அவர் உயிரோடு இருந்தவரை அந்த இடத்தை யாரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. தன் முகத்தைத் திரையில் பார்க்க அவருக்குக் கூச்சம். அந்த இடம் வந்தால் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவார். அவர் அன்று என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"தண்ணி சில்லுன்னு இருக்குன்னு சொல்லியிருப்பாரு. அருவிக்கரையில நின்னு வேற என்னத்தப் பேசுவாரு மனுசன்," என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

அத்தைக்கு அது போதவில்லை. "எங்கிட்டச் சொல்லச் சொன்னதுல்லா அது. எங்கிட்ட வந்து சேரவே இல்லயேட்டி," என்றாள். அழவில்லை. கடையில் வாங்கிய சாமானில் ஒன்று குறைவதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் எல்லாரும் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். பிளேயரின் லென்ஸைத் துடைத்தேன். இப்போதைய லேப்டாப்பில் டிஸ்க் போடவே வழியில்லை என்பதால் வெளியே சொருகும் டிரைவ் ஒன்றை வரவழைத்தேன். அதில் போட்டால் ர்ர்ர் என்று உறுமி, 'நான்' என்பதோடு அதுவும் மலைத்து நின்றது. மாமாவும் என்னைப் போல அவசரக்காரர். எப்போதும் உச்ச வேகத்தில்தான் எழுதுவார். அதனால் எழுத்தே தள்ளாடியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதே பெட்டியில், அதே வேகத்தில் எழுதிய மற்ற டிஸ்குகள் தண்ணீராக ஓடின.

பிறகு ஒரு மென்பொருள் கிடைத்தது. நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு, படிக்க முடியாத இடத்துக்குக் கடைசியில் திரும்பி வந்து, வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை ஓடவிட்டுவிட்டு அத்தை வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல். டிரைவ் முக்கும், ஓயும், மறுபடி முக்கும். அத்தை அடுக்களையிலிருந்து ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

கிடைத்தது கொஞ்சம்தான். அதைக் கோத்து ஓடவிட்டபோது மாமா துண்டோடு வந்தார், நின்றார். படம் கறுத்தது. குரல் மட்டும் இந்த முறை ஒரு எட்டு கூடுதலாக வைத்தது.

"ஒங்க அக்காகிட்டச் சொல்லு, நான் இங்கனதான்."

பிறகு அருவிச் சத்தம்கூட இல்லை.

இங்கனதான் நிக்கேன், தேட வேண்டாம் என்று இருக்கலாம். இங்கனதான் டீக்கடையில இருப்பேன் என்றும் இருக்கலாம். குற்றாலத்தில் சீசன் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகக் குளித்துவிட்டு வருகிறபோது எல்லாரும் சொல்வதுதான். நான் இதையெல்லாம் மளமளவென்று அத்தையிடம் சொன்னேன். அவள் நான் பேசுவதைக் கேட்கவில்லை. மாமாவின் சட்டை இன்னும் தொங்குகிற கொக்கியைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை.

"அதுக்குப் பொறவு?" என்றாள்.

அதற்குப் பிறகு இருப்பதைத்தான் டிரைவால் படிக்க முடியவில்லை. டிஸ்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். குறுக்குக் கீறல் ஒன்றும் இல்லை. ஆனால் பளபளப்பான பக்கத்தில் ஒரு வளையம் பூரா மெல்லிய வளைகோடுகள், தேய்த்துத் தேய்த்து நாளான எவர்சில்வர் தட்டில் தெரிவதுபோல. மெல்லிய துணியை நனைத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும் நேராகத் துடைக்க ஆரம்பித்தேன். அத்தை பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் நேரா துடைக்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் ஆசையில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எழுத்து சுற்றிச் சுற்றிப் போகுது அத்தை, குறுக்கே கீறினா ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் போகும், அதை டிரைவே சரிக்கட்டிக்கிடும், வட்டமா கீறினா ஒரு வரி முழுசா போயிரும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கை முந்தானைக்குள் போய்விட்டது.

"நான் வட்டமாத்தான் தேச்சேன்," என்றாள்.

அவர் இறந்த வருஷத்து ஆயுத பூஜையில் மிக்சிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தவள், இந்த டிஸ்குக்கும் வைத்திருக்கிறாள். மேல்பக்கம் அவர் கையெழுத்து. அதன்மேல் வைக்க மனசு வரவில்லை. திருப்பி, பளபளப்பான பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். காய்ந்த பிறகு அது போகவில்லை. வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல விபூதியைத் தொட்டு, சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறாள். நன்றாகப் பளபளவென்று வந்ததாம். அடுத்த வருஷமும் செய்தாளாம்.

நான் தேடிக்கொண்டிருந்த சொற்கள் அந்தப் பளபளப்புக்கு அடியில்தான் இருந்தன. அத்தை டிவியைப் பார்த்தாள். அணைந்து கிடந்த அதில் அந்த ஈரத் தோள் இன்னும் நிற்பதுபோல இருந்தது.

"நானே அவர் வாயைப் பொத்திட்டேனாட்டி?"

இல்லை என்றேன். இது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. டிவிடியில் படமும் குரலும் எழுதியிருப்பது மேலே இல்லை, இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருக்கிறது. விபூதி மேல்தோலைத்தான் மங்கடித்திருக்கிறது. ஜன்னலில் அழுக்குப் பட்டால் உள்ளே இருக்கிற ஆள் போய்விடுவாரா என்று கேட்டேன். கேட்ட பிறகு, இதை வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமோ என்று இருந்தது. ஆனால் அத்தை முந்தானையிலிருந்து கையை எடுத்தாள்.

பழைய டெஸ்க்டாப்பில் வருகிற கனத்த டிரைவுகள் இந்த மெல்லிசு டிரைவ் படிக்காததையும் சில சமயம் படித்துவிடும். என்னோடு படித்தவளின் அண்ணன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். அங்கே கணக்கெழுத அப்படி ஒரு கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. லாரி லோடெல்லாம் இறக்கி முடிந்த மதியத்தில் வந்தால் தருகிறேன் என்றார். இதுவரை முன்னாலிருந்தே படித்துப் போய் 'நான்' என்பதில் முட்டிக்கொண்டிருந்தோம். அங்கே விளிம்பிலிருந்து உள்நோக்கி, கடைசியிலிருந்து பின்பக்கமாகப் படிக்கவிடப் போகிறேன். அவர் சொல்லி முடித்த இடத்திலிருந்து ஆரம்பித்து, சொல்லத் தொடங்கிய இடத்தை நோக்கி. அதற்கும் மசியாவிட்டால்தான் டிஸ்கின் மேல்தோலைத் தேய்த்து மெருகேற்றும் பாலிஷ். அதையும் முதலில் உதவாத டிஸ்குகளில் பழகிப் பார்த்துவிட்டு.

என்ன வந்தாலும் முதலில் நான் கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்றேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நாளை அவளும் பஸ்ஸில் வருகிறாள்.