சாந்த்ராகாச்சியில் கேட்கப்பட்ட ஜெபம்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதரை நான் வீட்டுக்கு அனுப்பினேன். அவர் இறந்துபோனார். என் சாட்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவன். சொந்த ஊர் மார்த்தாண்டம். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. முதலில் திருநெல்வேலியில். மத்திய அரசு வேலையில் இருக்கும் என் மனைவி கிரேஸுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்ததும், ஹவுரா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். பாம்புக்கடி, தீக்காயம், லாரி விபத்து, மாரடைப்பு எல்லாம் பார்த்தாயிற்று. நோயாளி உள்ளே நடந்து வரும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிடும் என்று இளம் மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையையும் இன்று உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

போன வருடம் துர்கா பூஜைக்கு முந்தைய வாரம். பிரிவில் கடும் கூட்டம். மதியம் முருகேசன் என்பவர் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி என்று வந்தார். ஹவுராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். விருதுநகர்க்காரர். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊரு டாக்டரப் பாத்ததும் பாதி வலி போயிருச்சு சார்" என்றார். இ.சி.ஜி. சரியாக இருந்தது. கனமான சாமான் தூக்கியதாகச் சொன்னார். தசைப்பிடிப்பு என்று முடிவு செய்து, மருந்து எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. என் கண் முன்னால்தான் உயிர் போனது.

மருத்துவமனை விசாரணையில் என் மீது தவறில்லை என்று எழுதினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றார்கள். ஆனால் எனக்குத் தெரியும். அன்று அவருடைய ஒரு கையில் மட்டும்தான் நாடி பார்த்தேன். இரண்டு கையிலும் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கலாம். சந்தேகம் வந்திருக்கும். ஸ்கேன் எடுத்திருப்பேன்.

அதன் பிறகு என்னை நானே நம்பவில்லை. சாதாரண சளிக்கு வந்தவரைக்கூட வீட்டுக்கு அனுப்பப் பயந்தேன். எழுதிய மருந்தை நான்கு முறை சரிபார்த்தேன். மௌசுமிதி, அதாவது மௌசுமி அக்கா என்று நாங்கள் அழைக்கும் மூத்த செவிலியர், ஒருநாள் என் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, போய்த் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜெபிக்காமல் இல்லை. ஆண்டவரே, இதை மறக்கச் செய்யும் என்று மாதக்கணக்கில் கேட்டேன். மறக்கவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டின் முன் அழுதுவிட்டேன். கிரேஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மறக்கணும்னுதான் கேக்குறீங்க. அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்ல தைரியம் தாங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்றுதான் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த முகவரியை வைத்து சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்புக்குப் போனேன். கதவில் அவர் பெயர்ப் பலகை அப்படியே இருந்தது. தட்டக் கை எழவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். என்னால் முடியவில்லை ஆண்டவரே, இனி உம்முடைய சித்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே தெருமுனைக்கு வந்தேன். எதிரே காய்கறிப் பையோடு முருகேசனின் மனைவி ஈஸ்வரி வந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் சார்தான? எங்க வீட்டுக்கா வந்தீக?"

தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். தப்பித்து ஓடிய என்னைத் தேவன் மறித்து நிறுத்தினார் என்றுதான் நான் சொல்வேன்.

வீட்டுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் விட்ட நாடியையும் சொன்னேன். அவர் அழவில்லை. பையிலிருந்த கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார். நான் வேலையை விடப்போவதாகச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"மன்னிக்கிறதெல்லாம் இப்ப என்னால ஆகாது சார். ஆனா வேலைய விட்றாதீக. எங்க வீட்டுக்காரருக்குச் செய்யாததை அடுத்து வர்றவங்களுக்குச் செய்யுங்க."

நான் எதிர்பார்த்த ஆறுதல் அது இல்லை. ஆனால் எனக்கு வேண்டிய பதில் அதுதான். வீட்டுக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்தேன்.

எங்கள் பிரிவில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நெஞ்சுவலியோ முதுகுவலியோ என்று வருபவருக்கு இரண்டு கையிலும் நாடி பார்ப்போம். இன்னொரு மருத்துவரும் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம். இளம் மருத்துவர்களிடம் என் தவறைச் சொல்லித்தான் பாடம் தொடங்குகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

இந்தக் கோடையில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் முதுகுவலியோடு வந்தார். இடது கையில் நாடி மெலிந்திருந்தது. உடனே ஸ்கேன். அதே நோய். அறுவை சிகிச்சை முடிந்து, பதினைந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்த ஓட்டுநரின் பெயரும் ஊரும் சொல்லாமல் ஈஸ்வரி அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இரண்டு பெண்கள் என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பிரியமானவர்களே, முருகேசன் திரும்பி வரமாட்டார். அந்தப் பாரத்தை ஆண்டவர் என்னிடமிருந்து எடுத்துவிடவில்லை. அதைச் சுமந்துகொண்டே வேலை செய்யப் பெலன் தந்தார். உங்களில் யாராவது ஒரு தவறை யாருக்கும் தெரியாமல் மனதில் பூட்டி வைத்திருந்தால், அதை மறக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத் தைரியம் கேளுங்கள். என்னைப் போன்ற கோழைக்கே கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். அவருக்கே நன்றி.