வெயிலுக்குச் சோம்பிய மணிக்கூடும் என் நிரந்தர நியமனமும்

இன்று காலை வீடியோ கோலில் மகள் தன் புது வேலையைப் பற்றிச் சொன்னாள். குடித்த தேநீர் புரையேறிவிட்டது!

“கம்ப்யூட்டர் சிப்புக்குள்ளயே ஒரு ஒசிலேட்டர் இருக்கும் அப்பா. அதுதான் சிப்புக்குத் தாளம் போடுறது. சூடு கூடினாலும் குறைஞ்சாலும் தாளம் மாறக்கூடாது. அதை டிசைன் பண்ணுறதுதான் என்ர வேலை.”

அந்த வேலையைச் சரியாகச் செய்து உன் அப்பன் பட்ட பாடு உனக்குத் தெரியாதே பிள்ளை!

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலை இறங்குதுறையில் நான் தற்காலிக டெக்னீஷியன். (சம்பளம் தற்காலிகம், வேலை நிரந்தரம்.)

எனக்குப் பெண் தர இருந்தவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். “வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, அடுத்த முகூர்த்தத்திலயே தாலி.”

துறைக்குப் பொறுப்பான எங்கள் சேருக்கு ஒரு ஆசை. மூதூருக்குச் சனத்தை ஏற்றிப்போகும் லாஞ்ச் படகு புறப்படும் இடத்தில், சிவப்பு எண்கள் மின்னும் எலெக்ட்ரோனிக் மணிக்கூடு வேண்டுமாம்.

“செய்து தாரும் ஐசே, உம்மட நிரந்தரத்துக்கு நான் எழுதுறன்.”

விடுவேனா! நேரம் பிசகாத குவாட்ஸ் கிறிஸ்டல் கிடைக்கவில்லை. ஒசிலேட்டரை உள்ளேயே வைத்திருந்த ஒரு ஐசி கிடைத்தது. அதன் தாளத்தின் வேகத்தைத் தீர்மானிக்க வெளியே ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர். பொருத்தி, சேருடைய அறையில் ஓடவிட்டோம். அச்சொட்டாக ஓடியது!

(அலுவலகத்தில் ஏசி இருந்த ஒரே அறை அது. எங்களில் ஒருவருக்கும் மூளையில் உறைக்கவில்லை.)

நாடா வெட்டி, துறையில் தகரக் கூரைக்குக் கீழே மாட்டினோம். வெயில் ஏற ஏற மணிக்கூடு சோம்பியது. காலையில் வானொலிச் செய்தியோடு சரிசெய்துவிட்டால், பின்னேரம் பத்து நிமிடம் பிந்தி நிற்கும்.

லாஞ்ச் ஓட்டும் கபூர் நானா சேரிடமே கேட்டார். “என்ன சேர், உங்கட மணிக்கூடு பகலில நித்திரை கொள்ளுதா?”

“நான் திறந்து வச்ச மணிக்கூடு நானா. அது காட்டுறதுதான் நேரம். அதைப் பார்த்து லாஞ்சை எடுங்கோ!”

லாஞ்ச் பிந்தத் தொடங்கியது. சனம் கெட்டிக்காரச் சனம்! ஆறுதலாக பிளேன்டீ குடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்தது. சேரும் அப்படித்தான்.

எனக்குத்தான் கவலை. பிழை மேலிடத்துக்குத் தெரிந்தால் நிரந்தரமும் போச்சு, பெண்ணும் போச்சு!

மண்டையை உடைத்து ஒரு வழி கண்டேன். சூட்டில் மதிப்பு ஏறும் ரெசிஸ்டரோடு, சூட்டில் இறங்கும் இன்னொன்றைச் சோடி சேர்த்தேன். ஒன்றின் ஆட்டத்தை மற்றது அடக்கியது. கொளுத்தும் வெயிலிலும் நேரம் பிசகவில்லை!

(ஒருவரிடமும் சொல்லவில்லை. சேரே கண்டு பாராட்டட்டும் என்று இருந்தேன்.)

அன்று பின்னேரம் கபூர் நானா மணிக்கூட்டைப் பார்த்தார், லாஞ்சை எடுத்தார். மிகச் சரியான நேரம்!

பிளேன்டீ கிளாசோடு பாதிச் சனம் ஓடி வந்தது. அதற்குப் பின்னால், டை பறக்கப் பறக்கச் சேர்! லாஞ்ச் போயே விட்டது. மூதூரில் கொழும்புப் பெரியவர் ஒருவர் அவருக்காகக் காத்திருந்தார்.

“என்ன செய்தனீர்?”

“மணிக்கூட்டைத் திருத்தினனான் சேர்.”

“ஆர் உம்மைத் திருத்தச் சொன்னது? பழையபடி ஆக்கும்!”

“அப்ப நேரம் பிழைக்குமே சேர்.”

“எல்லாருக்கும் ஒரே பிழைதானே ஐசே! பிறகென்ன பிழை?”

சோடியைக் கழற்றி, பழைய ரெசிஸ்டரை மட்டும் திரும்பப் போட்டேன். அடுத்த நாள் லாஞ்ச் பிந்தியது. சனம் ஏறியது. சேரும் சிரித்த முகத்தோடு ஏறினார்.

கொஞ்ச நாளில் எனக்கு நிரந்தரம் வந்தது. தாலியும் கட்டினேன்.

சரியாக ஓடிய மணிக்கூட்டைப் பிழையாக்கி மாப்பிள்ளை ஆனவர்கள் வேறு யாராவது இந்தப் பக்கம் இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள், மகள் நம்பமாட்டேன் என்கிறாள்!