தரை தொடும் பாவாடை

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே என்னை விரலால் நிறம் பூச வைத்தார்கள். ஊரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கி வைத்திருந்தவள் நான். எண்பத்து மூன்றில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தபோது, அந்தப் பயிற்சி இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சக் காலம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். பிறகுதான் சிறுபிள்ளைகளையும் விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்தேன். சரி, பழைய படிப்புச் செல்லாவிட்டால் போகட்டும். அதற்காக இந்த வயதில், முழங்கை வரைக்கும் பச்சை நிறத்தைப் பூசிக்கொண்டு நிற்கும்போது, "இப்போது உங்கள் உணர்வு என்ன?" என்று விரிவுரையாளர் கேட்டால் நான் எதைச் சொல்வது? "ஈரமாக இருக்கிறது" என்றேன். அவருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவதானம் என்று ஒரு பாடம் இருந்தது. பிள்ளையைப் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதவேண்டும். "பிள்ளை கவலையாக இருந்தது" என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவார்கள். கவலை உங்களுடைய ஊகமாம். "பிள்ளையின் கண்ணிலிருந்து நீர் வந்தது" என்றுதான் எழுதவேண்டும். அழுகிற பிள்ளையைத் தூக்காமல், பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணீர் எந்தக் கண்ணில் முதலில் வருகிறது என்று பார்த்து எழுதுகிற படிப்பை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். "உமக்குச் சும்மா இருக்கத்தான் படிப்பிக்கிறாங்கள்போல" என்பார். அவர் சொன்னது சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

இரண்டாம் வருடம் செயல்முறைப் பயிற்சிக்கு என்னை நகரத்தின் கிழக்கே மல்வேர்னில், சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு டே கெயாருக்கு அனுப்பினார்கள். வாடகை மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அது இருந்தது. அதற்குப் பொறுப்பான சுப்பவைசர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர். அந்த நல்ல குணத்தோடுதான் என்னால் மாரடிக்க முடியவில்லை. எதையும் மெதுவாகச் சொல்வார், எல்லாரையும் மதிப்பார், யார் மனமும் நோகக்கூடாது என்று எந்நேரமும் ஒரு பதற்றத்தில் இருப்பார்.

அங்கே நாலு வயதில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் அவளுக்கு ஒரு பக்கக் கையும் காலும் பலம் குறைவு. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி போட்டிருந்தாள். வாயும் மூளையும் மற்றப் பிள்ளைகளை விட ஒரு படி மேல். தாய் அதே கட்டடத்தில் மேலே குடியிருந்தாள். அகதியாக வந்த இளம்பெண். காலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கதிரையில் இருத்துவாள். பின்னேரம் வந்து கதிரையிலிருந்து தூக்கிக்கொண்டு போவாள். பிள்ளையின் கால் தாயின் கண்முன்னால் நிலத்தில் பட்டு நான் பார்க்கவில்லை.

இதில் பெரிய இடைஞ்சல் பாவாடை. ஒவ்வொரு நாளும் தரையைத் தொடுகிற நீளத்தில் ஒரு பாவாடை கட்டி அனுப்புவாள். பிள்ளை எழுந்து இரண்டு அடி வைப்பாள், தாங்கியில் பாவாடை மாட்டும், விழுவாள். பனிக்காலத்தில் அந்தப் பாவாடையைச் சுருட்டிப் பனி உடுப்புக்குள் திணித்து முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாடிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். அவள் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு இருப்பாள். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் சுப்பவைசரிடம் கேட்டேன், ஏன் தாயிடம் காற்சட்டை போட்டு விடும்படி சொல்லவில்லை என்று. அவர் என்னை அறை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அது அவர்களுடைய சமயம் அல்லவா? நாங்கள் அதை மதிக்கவேண்டும்."

இலையுதிர்காலம் போய்ப் பனிக்காலமும் பாதி முடிந்திருந்தது. அவ்வளவு காலமும் அந்தப் பிள்ளை விழுந்து எழும்பியதை இவர்கள் எல்லாரும் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். "எங்கள் சமயத்தில் பாவாடைக்கு அளவு சொல்லியில்லை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. மற்றவர்களின் பண்பாட்டைப் பற்றி அவர் ஏதோ ஒரு வகுப்புக்குப் போய் வந்திருந்தார். அந்தப் பண்பாட்டுக்காரியே முன்னால் நின்று சொன்னாலும் வகுப்பில் சொன்னதுதான் பெரிதாக இருந்தது.

பாவாடையின் காரணம் எனக்கு நகரத்துக்கு வெளியே யூனியன்வில்லில் பிடிபட்டது. கணவரின் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிறந்தநாள். வீடு நிறையச் சனம். அந்தத் தாயும் வந்திருந்தாள். வந்த நேரத்திலிருந்து பிள்ளை தோளிலேயே. பட்டுப் பாவாடை காலை மூடித் தொங்கியது. யாராவது வாங்கிக் கொஞ்சக் கையை நீட்டினால், "நித்திரை கொள்ளுது அன்ரி, குழப்படி பண்ணும்" என்று திரும்பிவிடுவாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நித்திரையில ரோல்ஸ் சாப்பிடுற பிள்ளையை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றேன்.

அவள் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, உங்களைக் கும்பிட்டன். இங்க ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"எதை?"

"பிள்ளையின்ர காலைப் பற்றி. ஒருதருக்கும் தெரியாது. பொம்பிளைப் பிள்ளை அக்கா. நாளைக்கு ஆரும் கலியாணம் கேட்டு வரேக்க, நொண்டி எண்ட கதைதான் முன்னுக்குப் போய் நிக்கும்."

"நாலு வயசுப் பிள்ளையை ஆர் இப்ப கேட்டு வரப்போகினம்?"

"நீங்கள் சிரிப்பியள். எங்கட சனம் எதை மறந்தது?"

அங்கேதான் எனக்கு எரிச்சல் உச்சத்துக்குப் போனது. ஏனென்றால் அவள் சொன்னது பொய்யில்லை. அடுத்த அறையில் இருந்த சனம் எதையும் மறக்கிற சனம் இல்லை. ஆனால் அந்தச் சனத்துக்குப் பயந்து, நடக்கக்கூடிய பிள்ளையை நடக்க விடாமல் வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்? வெள்ளைக்காரி சமயம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். தாய் வெட்கத்தில் காலைப் பாவாடையால் மூடினாள். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளையின் கால் மெலிந்துகொண்டு போனது.

பனி கரையத் தொடங்கியபோது பள்ளிக்கூடச் சபையிலிருந்து ஒரு பெண் வந்தார். செப்ரெம்பரில் இந்தப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் கேள்வி. றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடம் பழைய கட்டடம். வாசலில் உயரமான படிகள். லிப்ட் கிடையாது. படிகளில் பிள்ளை தானாக ஏறினால் அங்கே மற்றப் பிள்ளைகளோடு பாலர் வகுப்பில் இருக்கலாம். இல்லாவிட்டால் நகரத்தின் மற்றக் கரையில் இருந்த விசேட பள்ளிக்கூடத்துக்குச் சின்ன பஸ்ஸில் போய் வரவேண்டும். படிப்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் அந்தப் படிகளில் தங்கியிருந்தது. ஜூனில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இதைத் தாயிடம் உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்றார் சுப்பவைசர். பெற்றோரோடு எப்படிப் பேசுவது என்று கல்லூரியில் ஒரு பாடமே எடுத்திருந்தார்கள். புத்தி சொல்லக்கூடாது. முதலில் அவர்களுடைய உணர்வை ஏற்றுக்கொள்ளவேண்டும். நானும் தாயைக் கதிரையில் இருத்தி, குரலை மெதுவாக்கி, "நீர் கவலைப்படுறது எனக்கு விளங்குது" என்று தொடங்கினேன். தமிழில் சொன்னதும் அது செத்தவீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்த மாதிரி இருந்தது. அவள் முகம் வெளிறிப்போனது.

"ஏன் அக்கா? டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

பாடம் அத்தோடு போயிற்று. "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்லுறன். உந்தப் பாவாடையைக் கட்டி, இடுப்பில வைச்சு, நீர்தான் பிள்ளையை நொண்டியாக்கிறீர். அவள் நொண்டி நொண்டி எண்டாலும் நடப்பாள். நீர் விட்டால் நடப்பாள். சனத்துக்கு இண்டைக்கு ஒளிப்பீர். பத்து வயசில எந்த இடுப்பில வைச்சு ஒளிக்கப்போறீர்?"

அவள் கதிரையிலிருந்து எழும்பினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தாய் எப்படி எடுத்துக்கொண்டார் என்று சுப்பவைசர் கேட்டார். நல்லாக விளங்கிக்கொண்டார் என்றேன். அதன் பிறகு சில நாட்கள் பிள்ளையைக் காணவில்லை. என்னைப் பயிற்சியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். பிள்ளை நீலக் காற்சட்டை போட்டிருந்தாள். தாய் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். தினமும் கட்டடத்துப் படிகளில் பிள்ளையை ஏற்றி இறக்கப் பழக்கினோம். மற்ற ரீச்சர்மாரிடம் ஆங்கிலத்தில் "நானே ஏறுவன்" என்று வீரம் பேசுவாள். என்னைக் கண்டதும் நடுப்படியில் நின்று இரண்டு கையையும் மேலே நீட்டி, "தூக்குங்கோ" என்பாள். தமிழ் பேசுகிற ஆள் என்றால் தூக்குகிற ஆள் என்பது அவளுடைய கணக்கு. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கத்துவாள். கல்லூரியில் சும்மா நிற்கப் பழக்கியதற்கு அப்போதுதான் ஒரு பிரயோசனம் கண்டேன். ஆனால் பின்னேரம் ஆனதும் தாய் வருவாள், பிள்ளை கையை நீட்டுவாள், தாய் அள்ளிக்கொண்டு போய்விடுவாள். வெள்ளிக்கிழமை தானாக ஏறிய பிள்ளை, சனி ஞாயிறு தோளில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் படியில் நின்று அழுவாள். நானும் தாயோடு சண்டை பிடிப்பேன். "இனித் தூக்கமாட்டன் அக்கா" என்று சத்தியம் பண்ணுவாள். அடுத்த நாளும் தூக்குவாள்.

ஜூனில் அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனோம். சபையிலிருந்து வந்த பெண் மேலே கதவடியில் நின்றார். சுப்பவைசர் கீழே நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் தாயும் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றோம். பிள்ளை முதல் படிகளை நல்லாகத்தான் ஏறினாள். நடுவில் தாங்கி படியின் விளிம்பில் இடித்தது. நின்றாள். திரும்பித் தாயைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா, தூக்குங்கோ."

தாயின் கைகள் தாமாகவே எழும்பின. முடிந்தது கதை என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து இழுத்திருப்பேன். அதற்குள் அவள் கைகளைக் கீழே போட்டாள்.

"அம்மாக்குக் கை நோகுது பிள்ளை. ஏலாது. நீ ஏறு."

பிள்ளை நம்பவில்லை. கையை நீட்டியபடியே நின்று பார்த்தாள். தாய் அசையவில்லை. பிள்ளையின் உதடு கோணியது. பிறகு திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை வைத்து மற்றக் காலை இழுத்து, ஒவ்வொரு படியாக மேலே போனாள். மேலே போய்ச் சேரும்வரை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சபைப் பெண் அவளுக்குக் கை கொடுத்து, "செப்ரெம்பரில் இங்கே சந்திப்போம்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வகுப்பைக் காட்ட உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுப்பவைசரும் பின்னால் ஓடினார்.

தாய் அங்கேயே படியில் இருந்துவிட்டாள்.

"கை நோகேல்லை அக்கா" என்றாள்.

"தெரியும்."

"இனி என்னைத் தூக்கச் சொல்லிக் கேக்கமாட்டாள், என்ன?"

கேட்கமாட்டாள் என்றேன். அதற்காகத்தானே அத்தனை மாதமும் அவளோடு சண்டை பிடித்தேன்.