மைலோ டின்னும் மங்குப் பாலும்

ஈப்போவில் புந்தோங்கிற்குப் போகும் சாலையில் ஒரு டயர் கடை இருக்கிறது. கடையின் பின்சுவரை ஒட்டித் தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் சிலவற்றின் மேல் மஞ்சள் சாக்கட்டியால் தமிழில் ஒரு வரி எழுதியிருக்கும். 'ஆமைக்கு அன்று அவசரம்.' 'குடையை யானை திருப்பிக் கொடுக்கவில்லை.' எந்த டயர் எந்தக் காருடையது என்று குறிப்பதற்காக வைத்திருக்கும் சாக்கட்டி அது. அதை இப்படி வீணாக்குகிறவர் மகேந்திரன். ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடங்களாக அங்கே சக்கரம் கழற்றி மாட்டுகிறார். அதற்கும் முன்பிருந்தே சிறுவர் கதைகள் எழுதுகிறார்.

கதையின் முதல் வரி தோன்றியதும் டயரில் எழுதிவிடுவார். ஈப்போவில் பெரும்பாலான பிற்பகல்களில் மழை பிடித்துக்கொள்ளும். மழை வரியைக் கழுவிவிடும். மறுநாள் காலை அந்த வரி அவருக்கு நினைவிருந்தால் கதையைத் தொடர்வார், மறந்திருந்தால் விட்டுவிடுவார். கடை முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஏதோ மந்திரம் என்று முதலில் நினைத்தாராம். கதை என்று தெரிந்த பிறகு, பேப்பர் விலை அவ்வளவு ஏறிவிட்டதா என்று மலாயில் கேட்டாராம்.

மகேந்திரனின் மற்றப் பழக்கங்களும் இப்படித்தான். டயர் கடையில் நட்டு முடுக்குவதற்கென்று சக்கரம் வைத்த குட்டை முக்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை நிற்கும் உயரம் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மேசை ஒரு கூரை. பெரியவர்கள் வெறும் முழங்கால்கள். வீட்டிலும் அப்படி ஒரு முக்காலி வாங்கி வைத்து, அதில்தான் எழுதுகிறார். அவர் மனைவி புனிதா அதில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறார்.

தபால்தலை சேர்ப்பவர்களைப்போல இவர் குழந்தைகளின் தவறுகளைச் சேர்க்கிறார். நீல அட்டை போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, 'ஆஸ்பத்திரிக்கே உடம்பு சரியில்லையா?' பெயர்களை மறக்கத் தொடங்கிய முதியவரைப் பற்றி, 'பெரியப்பாவுக்கு எங்க பேரோட பாஸ்வேர்டு மறந்துபோச்சு.' அந்த நோட்டு இப்போது ஏழாவது.

எழுதிய கதையைக் கடையில் காத்திருக்கும் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுவார். அப்பா காருக்கு டயர் மாற்றும்வரை அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பார். பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். கால் பொய் சொல்லாது. கதை பிடித்தால் ஆடுகிற கால் தானாக நின்றுவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரைப் பெரிய எழுத்தாளர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்துக் கதைகளில் நான்கு தேறும். மற்ற ஆறிலும் விலங்குகள் தேவைக்கு மேல் பேசும். ஆனால் எந்தக் கதையின் முடிவிலும் அவர் நீதி சொன்னதில்லை. சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களிடம் இது அரிது.

ஞாயிறு இதழ்களின் சிறுவர் பக்கத்திலேயே இத்தனை வருடம் எழுதிவந்தவருக்குச் சென்ற ஆண்டுதான் முதல் புத்தகம் வாய்த்தது. யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை கௌசிகா தம் வீட்டின் முன்னறையில் ஒரு சிறு பதிப்பகம் நடத்துகிறார். ஒன்பது கதைகளைத் தேர்ந்தெடுத்தார். படம் வரைய தீபன் என்ற இளைஞனை அமர்த்தினார். அடுத்த மாதம் தமிழ்ப்பள்ளிகளில் வாசிப்பு வாரம். சனிக்கிழமைக்குள் எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை மாலை, கடைசிக் கதைக்கான படம் மகேந்திரனின் கைப்பேசிக்கு வந்தது. கதை இப்படித் தொடங்கும்: 'விடிகிற நேரம். பால்மரத்திலிருந்து இறங்கிய அணில் வழுக்கி மங்கில் விழுந்தது.' பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் வெட்டுகிற பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ரப்பர் மரம் அங்கே பால்மரம். வடிகிற பாலை ஏந்த மரத்தில் கட்டுகிற கோப்பை மங்கு. கதையில் அந்தப் பால் காய்ந்து அணிலின் வால் குச்சிபோல விறைத்துவிடும்.

படத்தில் அணில் ஒரு கண்ணாடிக் குவளையின் விளிம்பில் உட்கார்ந்து ஸ்ட்ரா வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு வெள்ளை மீசை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பசு பொறாமையோடு எட்டிப் பார்த்தது.

அவர் தீபனை அழைத்தார்.

"தம்பி, அது குடிக்கிற பாலு இல்ல லா."

"பால்மரம்னுதானே எழுதியிருக்கீங்க அண்ணே? கூகல்ல தேடுனேன். பலாமரமா வருது. சரி, எழுத்துப்பிழைன்னு நினைக்காம நம்மளே யோசிச்சு வரைவோம்னு வரைஞ்சேன்."

தீபன் பிறந்து வளர்ந்தது அடுக்குமாடி வீட்டில். பால்மரத்தை அவன் பார்த்ததில்லை.

மகேந்திரன் படத்தை மாற்றச் சொல்லிக் கௌசிகாவிடம் பேசினார். ஆனால் கௌசிகா படத்தின் பக்கம் நின்றார். வரைகிற பிள்ளைக்கே விளங்காத சொல் வாசிக்கிற பிள்ளைக்கு எப்படி விளங்கும் என்பது அவர் கேள்வி. பாடநூலில் இருப்பதுபோல ரப்பர் மரம் என்று போடலாம், மங்கைக் கிண்ணமாக்கலாம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மாற்றித் தர வேண்டும் என்றார்.

"இல்லாட்டி இந்தக் கதைய எடுத்துட்டு எட்டுக் கதையோட அனுப்புவம், மகேந்திரன். எனக்கு வேற வழி தெரியேல்ல."

அவர் சொன்னது நியாயம். மகேந்திரனிடம் இருந்தது பாதி நியாயம், பாதி பிடிவாதம். கிண்ணத்தில் பாயசமும் இருக்கலாம், ரசமும் இருக்கலாம். மங்கில் அந்தப் பால் ஒன்றுதான் இருக்கும் என்பது அவருடைய பாதி நியாயம். அந்தச் சொல் போனால் அணில் வேறெங்கோ போய் விழுந்துவிடும் என்று புனிதாவிடம் சொன்னாராம். முதலில் முக்காலியை ஓரமாகத் தள்ளி வைக்கும்படி புனிதா சொன்னாராம்.

வியாழக்கிழமை காலை விக்னேஸ்வரன் என்பவர் கடைக்கு வந்தார். சித்தியவானில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிற வழி. முன்சக்கரங்கள் இரண்டும் வழுக்கையாகியிருந்தன. பள்ளி விடுமுறை என்பதால் ஏழு வயது மகள் லோஷினியும் உடன் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டத் தொடங்கியவளிடம் மகேந்திரன், கௌசிகா சொன்னபடி மாற்றி வாசித்துப் பார்த்தார். 'ரப்பர் மரத்திலிருந்து இறங்கிய அணில்' என்று அவர் தொடங்கியதுமே அவள் குறுக்கிட்டாள்.

"அங்கிள், அழிக்கிற ரப்பரா? மரத்துல காய்க்குமா?"

அழிக்கிற ரப்பர் இல்லை என்றார். அப்படியானால் எந்த ரப்பர் என்று கேட்டாள். டயர் எதில் செய்வது என்று காட்டினார். மரத்தில் டயர் காய்த்தால் கீழே போகிறவர் தலையில் விழாதா என்றாள். இவ்வளவு பேசியும் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

சரி என்று பழைய வரியை வாசித்தார். தீபனின் படத்தையும் காட்டினார். லோஷினி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, மங்குன்னா என்ன?"

விக்னேஸ்வரனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி யோசித்தார். "தெரியல லா. பழைய சொல்லு ஏதாச்சும் இருக்கும்."

மகேந்திரன் நட்டு முடுக்குவதை நிறுத்தினார். தீபனுக்குத் தெரியவில்லை என்றானபோது அவருக்குக் கோபம் வந்தது. கௌசிகா வேண்டாம் என்றபோது வாதாடத் தோன்றியது. இப்போது இரண்டும் வரவில்லை. அந்தச் சொல் இந்த மனிதரிடம் வந்து சேரும் முன்பே முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

லோஷினி விடவில்லை. "போற வழியில பால்மரம் இருக்காப்பா? வீட்டுலேர்ந்து மைலோ டின் எடுத்துக்கிட்டு போலாம். மரத்துக்குக் கீழயே கலக்கிக் குடிச்சிரலாம்."

அவள் கால் நின்றிருந்தது.

மகேந்திரன் பழக்கப்படி நீல நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். தேதி போடும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு நோட்டுகளையும் பாதி ஏழாவதையும் அவர் நிரப்பியிருந்தார். அவற்றிலிருந்து ஒரு வரியைக்கூடக் கதைக்குள் எடுத்ததில்லை. தவறு வேறு, கதை வேறு என்றே இருந்திருக்கிறார். பொருளைப் பார்த்துவிட்டு அதற்குச் சொல் தேடுகிறோம் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். ஏழு வயதில் சொல்தான் முதலில் வருகிறது. அதற்கான பொருளைப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்கிறார்கள். தவறு என்று அவர் சேர்த்து வைத்ததெல்லாம் அப்படிச் செய்த பொருள்கள்தான்.

பகல் சாப்பாட்டு வேளையில் அவர் பின்சுவர் டயர்களுக்கு நடுவே முக்காலியை உருட்டிப் போய் உட்கார்ந்தார். மழைக்குக் காத்திருக்க நேரமில்லை. இந்த முறை சாக்கட்டியும் இல்லை. நேராகத் தாளில் எழுதினார். ஒரு சிறுமி மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு பால்மரத்தைத் தேடிப் போகிறாள். மங்கில் மைலோ மாவைக் கொட்டிக் கலக்குகிறாள். கரண்டி ஒட்டிக்கொள்கிறது. மேலே ஓர் அணில், விறைத்த வாலைத் தூக்கிக் காட்டி, போன வாரம் நானும் இப்படித்தான் ஏமாந்தேன் என்கிறது. பேச்சு அவ்வளவுதான். அவர் எழுதிய விலங்குகளில் இதுவே குறைவாகப் பேசுவது.

கௌசிகாவுக்குக் கதையை அனுப்பியபோது, தீபனின் படத்தை அப்படியே வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அது சிறுமி கற்பனை செய்யும் பால்மரம். எதிர்ப்பக்கத்துக்கு உண்மையான மரமும் மங்கும் வேண்டும். கோலா கங்சார் பக்கம் இன்னும் பால் வெட்டுகிற நண்பர் ஒருவரிடம் நாலு புகைப்படம் கேட்டு வாங்கித் தீபனுக்கு அனுப்பினார். அவன் அன்று மாலையே வரைந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கௌசிகா அழைத்தார்.

"மங்குக்கு அர்த்தம் எங்கயும் சொல்லேல்லையே மகேந்திரன்?"

"இல்ல டீச்சர். கரண்டி ஒட்டிக்கிச்சுல்ல."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. கௌசிகா மறுபடி வாசிக்கிறார் என்று புரிந்தது. கையிலிருந்த நட்டை மகேந்திரன் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி," என்றார் கௌசிகா கடைசியில். "அந்தப் பசுவை மட்டும் எடுக்கச் சொல்லிப்போடாதீங்க."

புத்தகம் ஒன்பது கதைகளோடு வந்தது. வாசிப்பு வாரத்துக்குப் போனது. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பள்ளிகள் கூடுதலாகக் கேட்டன. ஓர் ஆசிரியர், படத்தில் இருக்கும் பசுவுக்குக் கதையில் வேலையில்லையே என்று எழுதிக் கேட்டிருந்தார்.

ஐந்து மாதம் கழித்து விக்னேஸ்வரன் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட வந்தார். கடையில் பிள்ளைகளுக்காக வைத்திருந்த புத்தகத்தை லோஷினி எடுத்துவந்து அப்பாவை வாசிக்கச் சொன்னாள். மகேந்திரன் முக்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தபடி இருந்தார். அந்த உயரத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது நாற்காலிக்குக் கீழே ஆடும் இரண்டு கால்கள் மட்டும்தான்.

விக்னேஸ்வரன் திக்கித் திக்கித்தான் வாசித்தார். பக்கத்தைப் புரட்டி இரண்டாவது படத்தில் விரலை வைத்தார்.

"இதான் மங்கு. பால்மரத்துல கட்டி வச்சிருப்பாங்க லா. அன்னிக்கே சொன்னேனே."

"நீங்க சொல்லல. தெரியலன்னு சொன்னீங்க."

"சொன்னேன் லா."

"சொல்லல. மேல படிங்க."

கால்கள் நின்றிருந்தன. எத்தனை நட்டு முடுக்கினோம் என்பது மகேந்திரனுக்கு மறந்துவிட்டது. முதலிலிருந்து மறுபடியும் முடுக்கத் தொடங்கினார்.