தறி நின்ற அன்று கேட்ட மூச்சு

நாலு வருடங்களுக்கு முன், ஒரு ஆடி அமாவாசை காலை. பெரிய காஞ்சிபுரத்தில், கூடத்திலேயே தறி போட்ட வீடு எங்களுடையது. விடிந்தால் விளக்கு வைக்கும் வரை தறிச் சத்தம்தான். பேசுவதென்றால் கத்தித்தான் பேசவேண்டும். என் மூன்று மாதப் பெண் குழந்தை அந்தச் சத்தத்திலேயே தூளியில் தூங்கிப் பழகியவள். அதில் என் கணவருக்குப் பெருமை வேறு.

அமாவாசையன்று நெசவு கிடையாது. படையலுக்கு வந்த என் நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, கொழந்த இப்படி இழுத்துக்கினு இருக்குது?"

அப்போதுதான் எனக்கும் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் கர் கர் என்று ஒரு சத்தம். சட்டையை விலக்கினால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியது. பால் கொடுக்கும்போது லேசாக இரைத்ததைச் சளி என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஆட்டோவில் போகும்போதே உதடு நீலம் பாரித்துவிட்டது. "மூச்ச வுடுமா, மூச்ச வுடுமா" என்று என் கணவர் வழியெல்லாம் குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, குழந்தையின் மோவாயில் இருந்த சிவப்புத் திட்டைத் தொட்டுப் பார்த்தார். அம்மனே குங்குமம் வைத்து அனுப்பியதாகத் தெருவே கொஞ்சிய திட்டு அது.

"இதே மாதிரி ரத்தக்குழாய்க் கட்டி தொண்டைக்குள்ளயும் இருக்கலாம்மா. அதான் மூச்ச அடைக்குது" என்று சொல்லி, ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார். அங்கே பார்த்ததில் அதேதான். ரொம்ப அபூர்வமாம். அந்த அபூர்வம் எங்கள் வீட்டைத்தான் தேடி வரவேண்டுமா?

மருந்தில் கட்டி சுருங்கும்வரை மூச்சு விட, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் கண் விழித்ததும் என்னைப் பார்த்து வாயைக் கோணி அழுதாள். கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. காற்றெல்லாம் குரல்வளைக்குப் போகாமல் குழாய் வழியே போய்விடுமாம். நான் அங்கேயே உட்கார்ந்து, அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான். பசியோ வலியோ, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். குளிக்கப் போவதென்றால்கூட யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவேன்.

பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு நாலு வயது. கரகரத்த குரலில் என்னோடு சண்டைக்கு வருகிறாள். ஆனாலும் பிள்ளை சத்தம் போடாமல் விளையாடினால் மற்ற அம்மாக்களைப் போல நிம்மதியாக இருக்க எனக்கு இன்னும் வரவில்லை. எழுந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சே வருகிறது.