துண்டுக்குள் ஒரு பீரியடு

வாத்தியார் உத்தியோகத்தில் பாடம் நடத்துவது சுலபம். பாடமே இல்லாத பீரியடை ஓட்டுவதுதான் உயிரை எடுக்கும். சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடிக்காதவர்கள் நம்பினால் போதும்.

எழுபதுகளில், கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூலில் இருந்தேன். ஓட்டுக் கூரை. இடுப்பளவுக்கு அரைச்சுவர். அதற்கு மேல் வெட்டவெளி. ரோட்டில் போகிற மாடு நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். சில நாள் என் பாடத்தைக் கவனித்த ஒரே ஜீவன் அதுதான்.

தக்ளியும் இல்லை, பஞ்சும் இல்லை

பிள்ளைகளைப் படிக்கும்போதே வேலைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காக ஒரு பீரியடு. வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் என்று பேர். மற்ற பள்ளிகளில் நூல் நூற்றார்கள், சோப்பு காய்ச்சினார்கள். எங்களுக்குத் தக்ளி வரவில்லை. பஞ்சும் வரவில்லை. பத்தாம் வகுப்பு மட்டும் வந்தது, என் தலையில்.

வெறுங்கையோடு என்ன செய்வது? "உங்க வீட்டுல என்ன வேலை நடக்குதோ அதை ஒரு விளையாட்டாச் செஞ்சு கொண்டு வாங்க. ஜெயிக்க ஒரு வழி, தோக்க ஒரு வழி. விதி எழுதியிருக்கணும்" என்றேன். ஒரு வேலையில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது, யார் முடிவெடுப்பது, தப்பு நடந்தால் யார் தலையில் விடியும் என்று யோசிக்காமல் விளையாட்டு செய்ய முடியாது. தக்ளி சுற்றிக்கொண்டே தூங்கலாம். ஹெட்மாஸ்டர் மலையாளி, நல்ல மனுஷர், பயந்தவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாஷே, என்ன வேணுமெங்கிலும் செய்யுங்க. சத்தம் மாத்திரம் வெளியில வரக் கூடாது."

ரங்கசாமியின் லாரி

ரங்கசாமியின் அப்பா லாரி டிரைவர். சந்தைக்கு மாடு ஏற்றுகிறவர். பையன் காலண்டர் அட்டையில் ரோடு போட்டு, வாளையார் செக்போஸ்டில் லாரிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு வந்தான். முதலில் தாண்டுகிறவன் ஜெயித்தவன். முன்னால் நிற்கும் லாரி நகர்ந்தால் பின்னால் நிற்பது நகரலாம் என்று எழுதியிருந்தான். எவ்வளவு நகரலாம் என்று எழுதவில்லை. ஆட்டம் தொடங்கியதும் அடிதடி. ஜியாமெட்ரி பாக்ஸ் பறந்தது. வராந்தாவில் ஹெட்மாஸ்டரின் செருப்புச் சத்தம்.

நான் ஒரு கட்டளை போட்டேன். விளையாட்டைச் செய்தவன் ஓரமாக நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. காகிதம் பேசட்டும். ஆபீசில் உத்தரவு எழுதுகிறவன் ஒவ்வொரு வீடாகப் போய் விளக்கிக்கொண்டு நிற்பானா? ரங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "நான் நெனச்சது ஒண்ணு, இவனுக ஆடறது ஒண்ணுங்க சார்!" என்று குதித்தான். கடைசி பெஞ்சில் மயிலாத்தாள் என்று ஒரு பெண். அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். "நீ மனசுல நெனச்சத ஆரு ஆடறது? எழுதுனதத்தான்டா ஆட முடியும்."

துண்டு

மயிலாத்தாளின் அப்பா கருப்பண்ணன் மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கை கொடுப்பார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. எந்த விரலை எப்படிப் பிடித்தால் என்ன விலை என்பது தரகர்களுக்குள் இருக்கும் கணக்கு. சுற்றி நிற்கிறவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

அவள் கொண்டு வந்தது ஒரு துண்டும், காசுக்குப் பதிலாகக் கொஞ்சம் புளியங்கொட்டையும். விற்கிறவன், வாங்குகிறவன், நடுவில் தரகன். விலை துண்டுக்குள்ளேயே முடிய வேண்டும். முகத்தைப் பார்த்து மற்றவர்கள் விலையைக் கண்டுபிடித்துவிட்டால் மூன்று பேரும் அவுட். விரல் கணக்கு முழுவதையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

வகுப்பில் மூச்சுச் சத்தம் மட்டும். ஹெட்மாஸ்டர் வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்பது போல எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தச் சோப்பிலும் கிடையாது. நானும் ஒரு கை உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அவுட். ஆட்டம் முடிந்துவிட்டதால் அவள் வாயைத் திறந்தாள். "உங்க காது செவக்குதுங்க சார். அதப் பாத்தே சொல்லிப்புட்டாங்க."

அழித்த பலகை

அடுத்த நாள் காலையில் அரைச்சுவருக்கு வெளியே தரகர்கள் நின்றார்கள். தோளில் துண்டு. சந்தைக்கு மாடு ஓட்டிப்போன யாரோ ரோட்டிலிருந்தே பலகையைப் படித்திருக்கிறான். அப்பன், பாட்டன் காலமாகத் துண்டுக்குள் இருந்தது, வெள்ளை எழுத்தில் ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது.

கருப்பண்ணன் மட்டும் உள்ளே வந்தார். அனுமதி கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்து, பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துடைத்தார். மகள் முன்னால் போய் நின்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை வருது. இப்பக் கூட்டிட்டுப் போனா வருஷம் போயிடும்" என்றேன். சாக்பீஸ் தூள் படிந்த துண்டை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "என்ற துண்டுக்குள்ள இனி ஆருங்க கை குடுப்பா? மொதல்ல அதச் சொல்லுங்க வாத்தியாரே."

மாட்டுக் கொட்டகையில்

பள்ளியில் சூதாட்டம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பி.டி.ஏ. தலைவர் கிளம்பிவிட்டார். ஹெட்மாஸ்டருக்கு வியர்த்தது. அவரை வியர்க்க விட்டுவிட்டு நான் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். மனுஷர் கொட்டகையில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. "உடுமலைப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குதுங்க. அவிகளும் சந்தைக்காரங்கதான். பரீட்சைக்கு முன்னாலயே முடிச்சுருவோமுங்க" என்றார். "பதினஞ்சு வயசுப் பொண்ணு" என்றேன். "எங்களுக்கும் எண்ணத் தெரியுமுங்க" என்றார். அதற்கு மேல் மாட்டோடுதான் பேசினார்.

திரும்பி நடந்தேன். பின்பக்கத்திலிருந்து மயிலாத்தாள் சாணிக் கூடையோடு வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அப்படித் தெரியவில்லை. நிற்காமலே, வழியோடு போகிறவள் மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். "ஹால் டிக்கெட் வந்தா ஹெட்மாஸ்டர்கிட்டக் குடுத்துராதீங்க சார். அவரு பயந்துட்டுத் திருப்பி அனுப்பிச்சுருவாரு. நீங்களே வெச்சிருங்க."

சந்தை நின்ற கதை

இதை ரங்கசாமி வந்து சொன்னான். அவன் அப்பா அங்கே லாரியோடு நின்றிருக்கிறார். பழைய விரல் கணக்கு பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துபோயிற்றே என்று தரகர்கள் மரத்தடியில் கூடிப் புதுக் கணக்கு போட்டிருக்கிறார்கள். வாய்ப்பேச்சிலேயே. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்தார்கள். சந்தை கூடியது. ஒவ்வொருவனுக்கும் அவனவனுக்கு வசதியானதுதான் ஞாபகம் இருந்தது.

ஒரு ஜோடி எருது கை மாறியது. விற்றவன் ஒரு விலை என்றான், வாங்கியவன் வேறு விலை என்றான். நடுவில் கருப்பண்ணன். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அவர் துண்டு இரண்டாகக் கிழிந்தது. சந்தையில் தரகன் துண்டு கிழிவது சின்ன விஷயம் இல்லை. தடி தூக்கினார்கள். தரகர்களில் மூத்தவர் ஒரு ராவுத்தர். குறுக்கே விழுந்து தடுத்ததில் அவர் தோளில் அடி. மத்தியானத்துக்கு முன்பே சந்தை நின்றுவிட்டது. ரங்கசாமி மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தான். "அங்க சண்டை போடாம இருந்தது மாடுக மட்டும்தானுங்க சார்."

வகுப்பு உள்ளே, வாத்தியார் வெளியே

அடுத்த வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் பீரியடு. கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டபடி ராவுத்தர் வாசலில் நின்றார். பின்னால் தரகர்கள். அவர்களுக்குப் பின்னால் கருப்பண்ணன், மகளோடு. சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று ரங்கசாமி பெஞ்சுக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தான். ராவுத்தர் என்னைத்தான் பார்த்தார். "நாங்க ஆளுக்கு ஒரு மாதிரி புடிச்சுட்டிருந்தமுங்க. மொத்தத்தையும் வரிசையா, ஒரே மாதிரி அன்னைக்கு இந்தப் பலகையிலதான் பாத்தேன். புதுசாப் போட்டுக் குடுக்க இந்தப் புள்ளையாலதான் முடியும். ஊட்டுல வெச்சுப் பண்ண முடியாதுங்க, சம்பந்தி ஊட்டாளுக வந்து போறாங்க. அவிக வேற சந்தை, அவிகளுக்குத் தெரியக் கூடாதுங்க."

பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். ராவுத்தர் அசையவில்லை. "நீங்களுந்தானுங்க" என்றார். என் வகுப்பு, என் பீரியடு. வெளியே போனேன். அரைச்சுவருக்கு மேல் இருந்த வெட்டவெளி முழுவதும் துண்டுகளை விரித்துத் தொங்கவிட்டு மறைத்தார்கள். வெயிலில் நின்றோம். ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "மாஷே, கிளாஸ் எங்கே?" உள்ளே நடக்கிறது என்றேன். நீங்கள் ஏன் வெளியே என்று கேட்க வாயெடுத்தவர், உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டு நின்றுவிட்டார். "ராவுத்தர் மாமா, என்னையக் கேக்காதீங்க, பலகையப் பாருங்க. புரியலீன்னா தப்பு என்னோடதுங்க. அழிச்சுட்டு மறுபடியும் எழுதறேன்."

உடுமலைக்காரர்கள்

அடுத்த சந்தை ஒழுங்காக நடந்தது. அதற்கடுத்ததும் நடந்தது. கருப்பண்ணன் புதுத் துண்டு போட்டுக்கொண்டு திரிகிறார் என்று ரங்கசாமி சொன்னான். மயிலாத்தாள் மட்டும் வரவில்லை. ஹால் டிக்கெட் வந்து என் பெட்டியில் கிடந்தது. உடுமலைக்காரர்கள் தேதி குறிக்க வருகிறார்கள் என்று கேள்வி. அந்தத் தேதிக்கு முன்னால் எதுவும் செய்ய எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். அது ஒன்றுதான் முடிந்தது.

ஒரு நாள் முதல் மணிக்கு அப்பனும் மகளும் வந்தார்கள். தேதி குறிக்க வந்தவர்கள் கொண்டுவந்த வெற்றிலை பாக்கோடேயே திரும்பிவிட்டார்களாம். ராவுத்தரும் மற்றத் தரகர்களும் கருப்பண்ணன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லையாம். அவள் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைப் பிரித்தாள். இது இப்படித்தான் முடியும் என்று முன்னமே யோசித்துத்தான் புதுக் கணக்குப் போட்டுக் கொடுத்தாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கருப்பண்ணன் அரைச்சுவருக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னார்: "இப்ப எங்க சந்தையில புடிக்கற புடியெல்லாம் இவ போட்டதுங்க. இவளக் கொண்டுபோயி அந்தச் சந்தைக்காரன் ஊட்டுல குடுக்க ஆரு விடறாங்க? பரீட்சை எழுதட்டுமுங்க. அதுக்கு மேலயும் படிப்பு இருந்தா, அதையும் படிச்சுட்டு இங்கயே இருக்கட்டுமுங்க."

பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்யச் சொல்லி உத்தரவு போட்டவர்கள், அந்த நேரத்தில் வாத்தியார் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை மட்டும் கடைசி வரை எழுதவே இல்லை.